கிலோ செக்கன் என்று எழுதினால் பிழையா?

கேள்வி: மில்லி செக்கன், மைக்ரோ செக்கன் என்று எழுதுகிறோம். அதேபோல கிலோ செக்கன், மில்லி மணித்தியாலம் என்றும் எழுதலாமா?

உயர்தரம் படிக்கிற பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் நீங்கள். யாரோ ஒரு சேர் சிவப்புப் பேனையால் வெட்டியிருப்பார். கிலோ செக்கன் சரி. செக்கன் சர்வதேச அலகு முறையின் அடிப்படை அலகு. மீற்றருக்கு முன்னால் வருகிற முன்னொட்டெல்லாம் அதற்கும் வரும். மில்லி மணித்தியாலம்தான் ஆகாது. நிமிடம், மணித்தியாலம், நாள் மூன்றையும் அந்த முறையோடு சேர்த்துப் பாவிக்கலாம், முன்னொட்டு மட்டும் போடக்கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

களுவாஞ்சிகுடியில் டியூசன் போன காலத்தில் எனக்கும் இதே வெட்டு விழுந்தது. 2 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணித்தியாலம் பாய்ந்தால் மின்னேற்றம் எவ்வளவு என்பது கணக்கு; அதன் அலகு கூலோம். நேரத்தை 3.6 கிலோ செக்கன் என்று எடுத்து, இரண்டால் பெருக்கி, 7.2 கிலோ கூலோம் என்று முடித்தேன். பூச்சியம் எண்ணுகிற வேலையே இல்லை. சேர் தாளைத் தூக்கிப் பிடித்து, "என்ன மனே, செக்கனைக் கிலோக் கணக்கில நிறுத்து வாங்கினியா?" என்றார். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. விடையில் இருந்த கிலோ கூலோமுக்குச் சரி போட்டவர், அதற்கு மேல்வரியில் இருந்த கிலோ செக்கனுக்குப் புள்ளி வெட்டினார். எந்த நியாயத்தில் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. படிப்பித்தவரைக் குறை சொல்கிறான் என்று சண்டைக்கு வராதீர்கள்; அவர் படிப்பித்த மின்னியலில்தான் இன்றைக்கும் சோறு தின்கிறேன்.

"ஒருத்தரும் பாவிக்கிறதில்லையே" என்பது அவருடைய வாதம். அது உண்மைதான். கிலோ செக்கன் என்றால் 16 நிமிடம் 40 செக்கன், மெகா செக்கன் பதினொன்றரை நாளுக்குச் சற்றுக் கூட, கிகா செக்கன் ஏறத்தாழ 31.7 வருசம். பொழுது விடிகிறதோடும் சம்பள நாளோடும் எதுவும் பொருந்தாது. பிரான்சில் 1793 இல் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிடமாகவும் பிரித்துச் சட்டமே போட்டார்கள், 1795 இல் கைவிட்டார்கள். ஒருத்தரும் பாவிக்கவில்லை என்பதற்காகப் பிழை என்று ஆகிவிடுமா? பல கணினிகள் 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து செக்கன்களைத்தான் எண்ணிக்கொண்டிருக்கின்றன. 2001 செப்டம்பர் 9 இல் அந்த எண்ணிக்கை 100 கோடியைத் தொட்டது. அது கிகா செக்கன் இல்லாமல் வேறென்ன?

நேரத்தில் கை வைத்தால் சிரிக்கிறவர்கள் 1996 இல் எங்கே போனார்கள்? மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று மே மாதம் இலங்கையின் கடிகாரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். மிச்ச அரையை 2006 ஏப்ரலில்தான் திருப்பித் தந்தார்கள். அதுவரைக்கும் கலியாண வீட்டுக்கு யார் சொன்னாலும் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காமல் போனால் பந்தி முடிந்திருக்கும். அதற்கு யாருக்குப் புள்ளி வெட்டினார்கள்?

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். சோதனையில் 3.6 × 10³ செக்கன் என்று எழுதிவிட்டு வாருங்கள், அங்கே நின்று வாதாட முடியாது. கிலோ செக்கன்தான் எழுதுவேன் என்றால் குறியீட்டில் சிறிய கே போடுங்கள். பெரிய கே வெப்பநிலை அலகான கெல்வின். அதற்கு வெட்டினால் நியாயம் சேர் பக்கம்தான்.