200 டாலருக்குப் பிஸ்டல் கிடைக்கிறது, வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் போன வருடம்தான் க்ரீன் கார்டு வந்தது. மகனுக்கு 14 வயது, மகளுக்கு 9. எங்கள் தெருவில் இரண்டே மாதத்தில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்துவிட்டது. ஆபீஸ் நண்பர், "200 டாலருக்குப் புதுப் பிஸ்டலே கிடைக்கிறது, எதற்கு 600 டாலர் கொடுக்க வேண்டும்?" என்கிறார். இன்னொருவர், "மூன்று நான்கு வாங்கிப் போடுங்கள், பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்கிறார். மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. கோடையில் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து தங்குவார்கள். விலை குறைந்த துப்பாக்கி வாங்குவதில் லாப நஷ்டம் என்ன? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் சார்.

பதில்: முதலீடு என்ற பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிளான மோசின் நாகன் 2005 வாக்கில் இங்கே 100 டாலருக்குள் கிடைத்தது. கையிருப்பு தீர்ந்தது, வரத்தும் நின்றது, இன்று நல்ல நிலையில் இருப்பது 400 டாலருக்குக் கீழே கிடைப்பது கஷ்டம். உங்கள் நண்பர் இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டிருப்பார். ஆனால் அது இனிமேல் யாரும் செய்யாத பொருள். 200 டாலர் பிஸ்டல் இன்றும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது, அதற்கு எப்படி அருமை வரும்? மோசின் வாங்கியவர்களே கூட, அந்த 100 டாலரை, அமெரிக்காவின் பெரிய 500 கம்பெனிகளின் பங்குகளைத் தொடரும் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு டிவிடெண்டையும் எடுக்காமல் விட்டிருந்தால் இருபது வருடத்தில் ஆறு மடங்குக்கு மேல் பார்த்திருப்பார்கள். சரி, இதை இத்தோடு விடுவோம்.

உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். விலை குறைந்த துப்பாக்கி என்றாலே குப்பை என்று பேசுகிறவர்கள் உண்டு, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒஹாயோவின் மேன்ஸ்ஃபீல்டிலிருந்து வரும் ஹை-பாயிண்ட் சி9 பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 200 டாலர். சுடும்போது பின்னுக்குப் போய் வரும் மேல்பகுதியான ஸ்லைடு துத்தநாகக் கலவையில் வார்த்தது. 9 எம்எம் தோட்டா போடும் விலை உயர்ந்த பிஸ்டல்களில் சுடும் நொடியில் குழலான பேரலையும் ஸ்லைடையும் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு இருக்கும். இதில் அது கிடையாது, ஸ்லைடின் எடைதான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் 800 கிராமுக்கு மேல் கனக்கும், மேகசினில் 8 தோட்டாதான் பிடிக்கும், பார்க்கவும் அழகில்லை. ஆனால் எத்தனை கை மாறி வந்திருந்தாலும் ஆயுள் முழுக்க வாரண்டி கொடுக்கிறார்கள். 600 டாலர் பிஸ்டலுக்கே பலர் அப்படிக் கொடுப்பதில்லை.

விலை குறைந்ததை வாங்குவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஹூஸ்டனில் என் சித்தப்பா தொண்ணூறுகளில் கேஸ் ஸ்டேஷன் கடை நடத்தினார். இரவு பன்னிரண்டு மணி வரை தனி ஆளாக கல்லாவில் உட்காருவார். போலீஸ் வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும் இடம். 500 டாலர் கொடுக்க அவரிடம் வழியில்லை. பயமும் நியாயமானது, பணமும் குறைவு. அந்த நிலையில் இருப்பவருக்கு 'நல்லதாக வாங்கு, இல்லாவிட்டால் விடு' என்று சொல்வதில் நியாயம் இல்லை. மலிவுத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் வரும்போதெல்லாம் ஏழைகள் பக்கமிருந்து எழும் எதிர்ப்பும் இதுதான். இதை நான் மதிக்கிறேன்.

அதே சித்தப்பாவின் கதைக்கு இரண்டாம் பாதி உண்டு. 90 டாலருக்கு ஒரு சின்னப் பிஸ்டல் வாங்கி கல்லாவுக்கு அடியில் வைத்தார். ஆறு வருடம் அங்கேயே இருந்தது, ஒரு தடவை கூடச் சுட்டுப் பார்க்கவில்லை. ஒரு நாள் நண்பர் வற்புறுத்தி, சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். இரண்டாவது தோட்டாவிலேயே சிக்கிக்கொண்டது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, "ஆறு வருஷமா இதை நம்பித்தான் உட்கார்ந்திருந்தேன்" என்று சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. போலீஸ் துறைகள் ரிவால்வரை விட்டுப் பிஸ்டலுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவர்கள் கழித்துப் போட்ட ரிவால்வர் ஒன்றை அப்புறம் வாங்கினார்.

அவர் 90 டாலருக்கு வாங்கியதில் பெரிய தப்பில்லை. அதோடு செலவு முடிந்தது என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் கணக்குத் தப்பியது. 200 டாலர் என்ற எண் உங்களையும் அங்கேதான் கொண்டுபோகும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

உங்கள் ஊர் விலையில் தோராயமாகப் போடுகிறேன். பிஸ்டல் 200, எட்டேகால் சதவீத விற்பனை வரியோடு 217 டாலர். எண் அழுத்தித் திறக்கும் லாக் பாக்ஸ் நல்லதாக 90. அடிப்படைப் பயிற்சி வகுப்பு 120. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 50. தற்காப்புத் தோட்டா இரண்டு பெட்டி 50. மாதம் ஒரு முறையாவது ரேஞ்சுக்குப் போக வேண்டும், கட்டணம் 20, பயிற்சித் தோட்டா ஐம்பதுக்கு 14, ஆக மாதம் 34, வருடம் 408. எல்லாம் கூட்டினால் முதல் வருடச் செலவு 935 டாலர். அதில் துப்பாக்கியின் பங்கு கால்வாசி கூட இல்லை.

இப்போது 500 டாலர் பிஸ்டலை அதே கணக்கில் வையுங்கள். வரியோடு 541, மற்ற 718 டாலரும் அப்படியே. மொத்தம் 1,259. வித்தியாசம் 324 டாலர். ஐந்து வருடம் வைத்திருந்தால் வருடத்துக்கு 65 டாலர். விற்கும்போது இதுவும் சுருங்கும். 500 டாலர் பிஸ்டலுக்குக் கடைக்காரர் பேசித் தீர்த்து 300, 350 கொடுப்பார். 200 டாலர் பிஸ்டலை வாங்கவே சில கடைகள் தயங்கும், வாங்கினாலும் 80, 100. இத்தனைக்குப் பிறகு மிச்சம் என்று எதைச் சொல்வது? தோட்டா விலையும் நிலையாக இருக்காது. 2020-ல் எல்லோரும் பதறி வாங்கியபோது 9 எம்எம் தோட்டா இரண்டு மூன்று மடங்கு ஏறியதைப் பார்த்தோம். விலை பார்த்துத் துப்பாக்கி வாங்கியவருக்கு அந்த மாதிரி நேரத்தில் பயிற்சியை நிறுத்தத்தான் தோன்றும்.

ஆக, பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் மலிவானதை வாங்க உங்களுக்கு அவசியமில்லை. இடைப்பட்ட வழி வேண்டுமென்றால் போலீஸ் துறைகள் கழித்த பழைய பிஸ்டலைப் பாருங்கள். பல துறைகள் சற்றுப் பெரிய .40 காலிபர் தோட்டாவிலிருந்து 9 எம்எம்முக்குத் திரும்பியதால், அந்தப் பழைய க்ளாக் பிஸ்டல்கள் 350 டாலர் சுற்றளவில் வருகின்றன. வெளியே உரசியிருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்காது. ஆனால் .40 தோட்டா விலை கூடுதல், அதையும் கணக்கில் சேருங்கள். புதிதாகவே வேண்டும், விலையும் குறைவாக வேண்டும் என்றால் மாஸ்பெர்க் நிறுவனத்தின் மேவரிக் 88 ஷாட்கன் இருக்கிறது, உங்கள் டெக்சாஸ் ஈகிள் பாஸில் செய்வது, 250 டாலர் அளவில் கிடைக்கும். மலிவு என்று சொல்ல முடியாத அளவுக்கு உழைக்கும்.

தரம் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நீங்கள் வாங்கும் மிக்ஸியில் கோளாறு என்றால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட முடியும். துப்பாக்கி அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே. 1972-ல் சட்டம் வந்தபோதே அப்படி விட்டுவிட்டார்கள். அதனால் தயாரிப்பாளர் நல்லவராக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாகத் தொழிலில் நிலைத்திருக்க வேண்டும். 1968 சட்டம் சின்ன மலிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்திய பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றி ரேவன், ஜென்னிங்ஸ், டேவிஸ், லார்சின், ப்ரைகோ என்று வரிசையாக நிறுவனங்கள் முளைத்தன. 1994-ல் கலிபோர்னியாவில் ப்ரைகோ பிஸ்டலிலிருந்து தோட்டாவை எடுக்க ஒருவர் முயன்றபோது வெடித்து, ஏழு வயதுப் பையனுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அந்த மாடலில் தோட்டாவை எடுக்க வேண்டுமென்றால், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும், அப்படி ஒரு வடிவமைப்பு. 2003-ல் ஜூரி பல கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிறுவனம் உடனே திவால் மனு போட்டது. அந்தப் பிஸ்டல்கள் மட்டும் இன்னும் அடகுக் கடைகளிலும் கன் ஷோக்களிலும் 100 டாலருக்குச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள். விலை கூடினால் ஆபத்து இல்லை என்றும் எண்ண வேண்டாம். பெயர் பெற்ற சிக் சாயர் நிறுவனமே தன் பி320 பிஸ்டலுக்கு, கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற புகார்களுக்குப் பிறகு 2017-ல் இலவச மாற்றம் செய்துகொடுத்தது.

இப்போது உங்கள் வீட்டுக்குள் வருகிறேன். இதில்தான் எனக்கு மனது கனக்கிறது. திருடனைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,000-க்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல், சுமார் 27,000 பேர், தங்கள் உயிரைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்கள். கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களை வருடக்கணக்கில் கவனித்த பெரிய ஆய்வு 2020-ல் வந்தது. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திருக்காத ஆண்களைவிட வைத்திருக்கும் ஆண்களுக்கு எட்டு மடங்கு, பெண்களுக்கு முப்பத்தைந்து மடங்கு. உங்களுக்கு 14 வயதில் பையன் இருக்கிறான். அந்த வயதில் ஒரு மார்க்ஷீட், ஒரு அவமானம், ஒரு ராத்திரி போதும். வேறு எந்த வழியிலும் காப்பாற்ற நேரம் கிடைக்கலாம், இதில் பெரும்பாலும் கிடைக்காது. அதனால் லாக் பாக்ஸின் 90 டாலரை மிச்சம் பிடிக்கலாமா என்ற பேச்சே வேண்டாம், அது இல்லாமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரக் கூடாது. கடைக்காரர் பிஸ்டலோடு ஒரு பூட்டு கொடுத்தாக வேண்டும் என்று 2005 சட்டம் சொல்கிறது, அது மட்டும் போதாது. டெக்சாஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் சிக்கினாலே குற்றம். அந்தப் பிள்ளை சுட்டு உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஆனால் ஒரு வருடம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம். வீட்டில் யாருக்காவது மனது சரியில்லை என்று பட்டால் துப்பாக்கியை வெளியே அனுப்புங்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம்.

நம்மவர்களுக்கு இன்னொரு பெரிய செலவு இருக்கிறது, அது எந்தக் கடை ரசீதிலும் வராது. ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர் விசா, சுற்றுலா விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நீங்கள் இருவரும் க்ரீன் கார்டு என்பதால் வாங்கலாம். ஆனால் ஊரிலிருந்து வரும் அப்பா கையில் லாக் பாக்ஸின் எண் இருக்கக் கூடாது, 'ஒரு தடவை பிடித்துப் பாருங்கப்பா' என்று ரேஞ்சுக்குக் கூட்டிப்போவதும் கூடாது. விசாவில் இருக்கும் நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் பெரிய குற்றம். துப்பாக்கிச் சட்டத்தை மீறியதாகத் தண்டனை வந்தால் க்ரீன் கார்டு இருந்தும் நாடு கடத்த முடியும். காத்திருந்து வாங்கிய கார்டு அது. அதோடு, ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை இந்தியப் பயணத்துக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். பையின் மடிப்பில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக நம் ஊர் ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு, விமானத்தை விட்டு, வக்கீலைத் தேடி அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். வழக்கமான வீட்டுப் பாலிசியில் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் போல ஓர் உச்சவரம்பு இருக்கும், ஒரு பிஸ்டலுக்கு அது போதும். பார்க்க வேண்டியது, உங்களால் பிறருக்கு நேரும் பாதிப்புக்குப் பணம் தரும் லயபிலிட்டி பகுதி. தவறுதலாக யாருக்காவது காயம் பட்டால் அது ஒரு லட்சம், மூன்று லட்சம் டாலர் வரைதான் தாங்கும், வேண்டுமென்றே சுட்டதற்குப் பெரும்பாலும் தராது. அந்த வரம்புக்கு மேலே தாங்கும் அம்ப்ரெல்லா பாலிசி, பத்து லட்சம் டாலருக்கு, வருடம் 200 முதல் 400 டாலருக்குக் கிடைக்கிறது. துப்பாக்கி வாங்காவிட்டாலும் அதை எடுங்கள், உங்களிடம் இரண்டு கார் இருக்கும் அல்லவா.

என் கருத்தைக் கேட்டால், இந்த வருடம் வாங்காதீர்கள். உங்கள் தெருவில் நடந்தது திருட்டு. ஆள் இல்லாத வீட்டைத்தான் திருடன் தேடுவான், நீங்கள் ஆபீஸில் இருக்கும்போது பெட்டியில் இருக்கும் பிஸ்டல் ஒன்றும் செய்யாது, அதுவும் சேர்ந்துதான் திருட்டுப் போகும். அந்த 935 டாலரில் முன் பின் கதவுகளின் பூட்டுத் தகட்டை மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு மாற்றுங்கள், 30 டாலர் ஆகாது. நல்ல வெளிவிளக்கு, கேமரா, கண்காணிப்போடு அலாரம் போடுங்கள், அலாரத்துக்கு வீட்டு இன்ஷூரன்ஸில் தள்ளுபடியும் கேளுங்கள். 120 டாலர் வகுப்புக்கு மட்டும் இப்போதே நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து போங்கள். ரேஞ்சில் வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும், மலிவானதையும் விலை கூடியதையும் இரண்டு பேரும் சுட்டுப் பாருங்கள். அப்புறமும் அவர் வேண்டாம் என்றால் அந்த வார்த்தைக்கு மேலே போகாதீர்கள், அந்த வீட்டில் அவரும்தான் தூங்குகிறார்.

இருவரும் வாங்கலாம் என்று முடிவுக்கு வந்தால், அம்மா அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு எழுதுங்கள். வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியின் லயபிலிட்டி பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு எந்த விலையில் போகலாம் என்று பேசுவோம்.