சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்ததும் குண்டு ஏன் உடனே பாய்வதில்லை? அதை வைத்து இன்றும் மான் வேட்டை நடக்கிறதா?

நடக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1974 முதல் இதற்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் உண்டு. கிறிஸ்துமஸ் முடிந்த கடுங்குளிரில். 18-ஆம் நூற்றாண்டில் அங்கே லங்காஸ்டர் பக்கம் குடியேறிய ஜெர்மானியக் கைவினைஞர்கள் வளர்த்தெடுத்த நீளக்குழல் ரைஃபிள்தான் இதில் பேர்போனது. ஒரு மீட்டரைத் தொடும் குழல், மேப்பிள் மரக்கட்டை.

தாமதத்துக்கு வருவோம். விசையை இழுத்ததும் சுத்தியல் கவ்வியிருக்கும் கல், எஃகுத் தகட்டைச் சுரண்டிக்கொண்டு இறங்கும். பொறி கல்லிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் எரிவது, கல் சீவியெடுத்த எஃகுத் துகள். அது குழலின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணியில் இருக்கும் நைசான கருமருந்தை, அதாவது வெடிமருந்துத் தூளை, பற்றவைக்கும். அந்தச் சுடர் குழலின் பக்கத்துளை வழியே உள்ளே போய்த்தான் குண்டைத் தள்ளும் முதன்மை மருந்து வெடிக்கும். துளையையும் மருந்தால் அடைத்துவிட்டால் திரிபோல எரிந்து இன்னும் தாமதமாகும். எல்லாம் கண்சிமிட்டும் நேரம்தான். ஆனால் முகத்தருகே 'புஸ்' என்று நெருப்பு எழும்போது கை ஆடாமல் இருக்க வேண்டுமே!

துப்பாக்கி செய்பவர்களுக்கு உண்மையான தலைவலி அந்தத் தகட்டைப் பதப்படுத்துவது. மென்மையாக இருந்தால் கல் அதில் பள்ளம் பறிக்கும், பொறி சிந்தாது. மழையில் கிண்ணி மருந்து நமுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால்தான் கொழுப்பு தடவிய தோலை கல்லும் கிண்ணியும் இருக்கும் பகுதியின் மேல் போர்த்திக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள்.