ரன்னை பாதியில விட்டா தப்பா?

அண்ணா வணக்கம். ஐடி வேலை, ரெண்டு வயசுல பொண்ணு. அவ தூங்கி, பாத்திரம் கழுவி முடிச்சு, பத்தரைக்கு மேல எனக்குன்னு கிடைக்கிறது முக்கா மணி நேரம்தான். ஸ்லே த ஸ்பையர்ங்கிற கார்டு வீடியோ கேம்ல சைலன்ட்ங்கிற கேரக்டரை எடுத்து ஒரு ரன், அதாவது முதல்ல இருந்து ஒரு முழு ஆட்டம், ஆரம்பிச்சா மூணாவது ஆக்ட் (மூணாவது பகுதி) வரதுக்குள்ள மணி பன்னெண்டரை. பாதியில விட்டா ஏமாத்துற மாதிரி இருக்கு, முடிச்சுட்டு படுத்தா காலைல மீட்டிங்ல கண்ணு சொருகுது. இப்படி செத்தா முதல்ல இருந்தே ஆரம்பிக்கிற ரோக்லைக் கேம்களையே விட்டுடலாமா?
ர., கோவை

தம்பி, விடாதீங்க. பாதியில நிறுத்துறது ஏமாத்தே இல்லைங்க, இதை மட்டும் முதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. இந்த வகைக்கே பேர் கொடுத்த ரோக் 1980ல வந்தது, அதுலயே சேவ் பண்ணிட்டு வெளிய போற வசதி இருந்துச்சு, திரும்ப வந்து திறந்ததும் அந்த சேவ் ஃபைல் அழிஞ்சிடும், அவ்ளோதான். அதாவது செத்தா செத்ததுதான், பழைய இடத்துக்குப் போய் மாத்தி ஆட முடியாது. ஒரே உக்கார்ல முடிக்கணும்னு எவனும் சொல்லல. 1987ல வந்த நெட்ஹேக்ல ஒரே ஆட்டத்தை வாரக்கணக்கா ஆடுறவங்க இருக்காங்க.

எங்க ஆச்சி வீட்டுத் திண்ணையில மதியம் தாயம் ஆடுவாங்க. உலை வைக்க நேரமாச்சுன்னா காயெல்லாம் கட்டத்துலயே அப்படியே கிடக்கும், மறுநாள் வந்து அங்கிருந்தே உருட்டுவாங்க, ஆட்டம் கெட்டுப்போச்சுன்னு யாரும் சொன்னதில்ல. நான் ஸ்பையரை இப்போ அப்படித்தான் ஆடுறேன். ஆக்ட் கடைசியில வர பெரிய எதிரி, அந்த பாஸ் செத்து, பரிசா வர மூணு ரெலிக்ல (ரன் முழுக்க கூடவே இருக்கிற பொருள்) ஒன்னை எடுத்து, அடுத்த ஆக்ட் மேப் திறந்ததும் சேவ் அண்ட் க்விட். ஒரு ராத்திரிக்கு ஒரு ஆக்ட். சண்டை நடுவுல மட்டும் வெளிய வராதீங்க, அந்தச் சண்டை திரும்ப முதல்ல இருந்து வரும், வேணும்னே அப்படி செஞ்சா அதுதான் ஏமாத்து. மறுநாள் உக்காந்ததும் எதையும் தொடுறதுக்கு முன்னாடி டெக்கை, அதாவது இதுவரை சேத்த கார்டு கட்டைத் திறந்து ஒவ்வொரு கார்டா படிங்க, ஒரு நிமிஷம்தான் ஆகும், நேத்து எதை நம்பி இந்த கார்டை எடுத்தோம்னு ஞாபகம் வந்துடும். சொல்லப்போனா களைச்சுப்போய் பன்னெண்டு மணிக்கு எடுத்த முடிவை விட மறுநாள் எடுக்கிற முடிவு எனக்கு நல்லாவே இருக்கு.

உங்க தூக்கத்தைக் கெடுக்கிறது ரன்னோட நீளம்னு நான் நினைக்கல. பதினொன்னே காலுக்கு செத்துட்டு, அந்த ஆத்திரத்துல அடுத்த ரன்னை அமுக்குறோம் பாருங்க, அங்கதான் போகுது. செத்தா அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கோங்க. ஆத்திரம் அடங்கினப்புறம்தான் ஏன் செத்தோம்னே புரியும்.

பாதியில விடவே மனசு வரலைன்னா வாம்பயர் சர்வைவர்ஸ் பாருங்க, பெரும்பாலான ஸ்டேஜ்ல 30 நிமிஷம் ஆனதும் சாவே நேர்ல வந்து முடிச்சு வெச்சிடும். இன்டு த ப்ரீச்சும் உங்களுக்கு ஒத்துவரும், எட்டுக்கு எட்டு கட்டம், சில டர்ன்ல ஒரு மிஷன் முடிஞ்சிடும், பொண்ணு முழிச்சு அழுதா அப்படியே வெச்சுட்டு எந்திரிக்கலாம், யாரும் நகர மாட்டாங்க. போக்கர் கார்டு வெச்சு ஆடுற பலாட்ரோ ரொம்ப நல்ல கேம், ஆனா அதை ஃபோன்ல போட்டு படுக்கைக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க.

இன்னைக்கு ஆக்ட் ஒன்னோட நிறுத்திப் பாருங்க. விஷம் வைக்கிற பாய்சன் டெக்கா, சின்னக் கத்தியால அடிக்கிற ஷிவ் டெக்கா, எதுல நிக்கிறீங்கன்னு நாளைக்கு எழுதுங்க.