தேம்ஸ் கரையின் ஒரு பழைய அச்சுப்படம்: கேள்வி பதில்

லண்டன் தேம்ஸ் கரையில் அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1859இல் செப்புத் தகட்டில் கீறிய ‘பிளாக் லயன் வார்ஃப்’ படத்தைப் பற்றி வந்த கேள்விகள் இவை. படத்தின் முன்பக்கம் படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு துறைமுகத் தொழிலாளி. அவருக்குப் பின்னால் படகுகளும் பாய்மரங்களும். எதிர்க்கரையில் நெருக்கியடித்து நிற்கும் கிடங்குகள்.

ஐயா, பக்கத்தில் இருக்கும் படகை அரைகுறையாக விட்டுவிட்டு, தூரத்துக் கட்டடங்களைப் பலகை பலகையாக வரைந்திருக்கிறாரே, அவசரமா?

அவசரமே இல்லை. ரயில் நிலையத்தில் எதிர் பிளாட்பாரத்துப் பெயர்ப்பலகையைப் படிக்கும்போது, பக்கத்தில் நிற்பவரின் சட்டை நிறம் நம் மனதில் பதிவதில்லை. விஸ்லரின் கண் எதிர்க்கரையில் நிலைத்திருக்கிறது. அதனால் அங்கே கோடுகள் நெருங்குகின்றன, இங்கே தளர்கின்றன. ஒரு சோதனை செய்து பாருங்கள்: அந்த ஆளை உள்ளங்கையால் மறைத்துவிடுங்கள். கிடங்குகள் வெறும் பட்டையாகிவிடும், ஆற்றின் அகலமே போய்விடும். கையை எடுத்ததும் தூரம் திரும்பி வரும். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

தண்ணீரையே காணோமே, அண்ணா?

பெரும்பாலும் வெறும் தாள்தான். கோலத்தில் இழைகளுக்கு நடுவே தெரியும் தரையும் கோலத்தில் சேர்த்திதானே? மேலே கோடுகள் அவ்வளவு அடர்ந்திருப்பதால்தான் இந்த வெள்ளை நமக்கு ஆறாகத் தெரிகிறது. அங்கேயும் அலைகளை வரைந்து நிரப்பியிருந்தால் படம் மூச்சுமுட்டியிருக்கும்.

ஒரே ஊசியால் கீறியதென்றால் சில கோடுகள் மட்டும் எப்படி அவ்வளவு கறுப்பு?

எச்சிங் எனும் இந்த அச்சு முறையில், ஊசி தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை மட்டும்தான் கீறும். செம்பை அரிப்பது அமிலம். மெல்லியதாக இருக்க வேண்டிய கோடுகள் போதுமான அளவு அரிபட்டதும் அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு, தகட்டை மறுபடி அமிலத்தில் விடலாம். அதிக நேரம் ஊறிய கோடு ஆழமாகும், கூடுதல் மை பிடிக்கும். விஸ்லர் இந்த வேலையைக் கற்றது அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில். 1854–55இல் அங்கே வரைபடத் தகடுகள் தயாரிக்கும் பிரிவில் இருந்தார். ஜன்னல்களிலும் மரப்பலகைகளிலும் உள்ள துல்லியத்தில் அந்தப் பயிற்சி தெரிகிறது.

இடம் வலம் மாறியிருக்கிறது என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மை. நேரில் பார்த்ததைப் பார்த்தபடியே தகட்டில் வரைந்தார். தாளில் அச்சாகும்போது அது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். கோடுகளின் அமைப்பை ரசிப்பதற்கு அது குறையே இல்லை.

இதை வேறெங்கோ பார்த்த ஞாபகம்…

விஸ்லர் தன் தாயை வரைந்த 1871ஆம் ஆண்டு ஓவியத்தில் பார்த்திருப்பீர்கள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுவரில் கறுப்புச் சட்டத்துக்குள் தொங்குவது இந்தத் துறைமுகப் படம்தான்.

பழைய கடையில் இதன் ஒரு பிரதி கிடைத்தது. தகட்டிலிருந்து நேரடியாக எடுத்த அச்சா, பிற்கால நகலா?

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகள் சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் புத்தக அச்சு. படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய பள்ளம் இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அதைப் போலியாகவும் உண்டாக்கலாம். தகடு சுமார் 15 செ.மீ. உயரமும் 22 செ.மீ. அகலமும்தான், அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்து, கறுத்த கோடுகளைக் கவனியுங்கள். நேரடி அச்சில் மை தாளுக்கு மேலே மெல்லிய வரப்புப்போல எழும்பி நிற்கும்.