அதிபர் ஒரு கட்சி, சபை இன்னொரு கட்சி

தம்பி, அமெரிக்கா வந்த வேகத்திலேயே நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள்: அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய கட்சி தோற்றால் ஆட்சி கவிழாதா?

கவிழாது. 2006 நவம்பரில் நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன். அப்போதைய அதிபர் புஷ்ஷின் கட்சி நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளையும் பறிகொடுத்தது. மறுநாள் ராஜினாமா அறிவிப்பு வரும் என்று டிவி முன்னால் உட்கார்ந்தேன். வந்தது, ஆனால் போனவர் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட். புஷ் அசையவே இல்லை. 2009 ஜனவரி வரை இருந்துவிட்டுத்தான் போனார்.

நம் ஊரில் எம்.பி.க்களின் தலையை எண்ணித்தான் பிரதமர். இங்கே அதிபருக்கு 4 ஆண்டுக்குத் தனித் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 பேரும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மக்களிடம் வரவேண்டும். செனட்டருக்கு 6 ஆண்டு, அதிலும் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குப் பேர்தான். குடியுரிமை வாங்கி 2020இல் முதல் ஓட்டுப் போட்டபோதுதான் எனக்கு இது கையில் புரிந்தது. ஒரே வாக்குச்சீட்டில் அதிபர், செனட்டர் என்று ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனி வட்டம். எதை வேண்டுமானாலும் கலந்து கறுப்பாக்கலாம். அந்த ஆண்டு மெய்ன் மாநிலம் பைடனையும் ஜெயிக்க வைத்தது, அவருக்கு எதிரான குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸையும் செனட்டுக்குத் திருப்பி அனுப்பியது. முரண்பாடு என்று அங்கே யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை!

சரி, உங்களுக்கு இது எங்கே உறைக்கும்? பணம் ஒதுக்கும் மசோதாவில். அது நிறைவேறாவிட்டால் பல துறைகள் மூடிவிடும். 2013இல் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம், செனட்டும் ஒபாமாவும் மறுபக்கம். ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குப் பணம் தரமாட்டோம் என்று சபை அடம்பிடிக்க, அக்டோபரில் அரசாங்கம் 16 நாள் மூடிக்கிடந்தது. விசா மனுக்களைப் பார்க்கும் துறை, கட்டணத்தில் ஓடுவதால், திறந்திருந்தது. ஆனால் ஹெச்1பி வேலை விசா மனுவுக்கு முன்னால் வேண்டிய எல்சிஏ என்ற சம்பள, வேலை நிலைமைச் சான்றைத் தருவது தொழிலாளர் துறை, அது மூடிவிட்டது. என் பக்கத்து இருக்கைக்காரர் புது வேலைக்கு ஆஃபர் கடிதம் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் வக்கீலுக்கு போன் போட்டார். பதில் ஒன்றுதான்: "காத்திருங்கள்."

அரசின் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. வேலை மாறும் எண்ணம் இருந்தால், செப்டம்பர் முடிவதற்குள் எல்சிஏவைக் கையில் வாங்கிவிடப் பாருங்கள். சாதாரண நாளிலேயே அதற்கு 7 வேலைநாள் ஆகும்.