பயிற்சியால் குரல்நாண் தடித்துக் குரல் தாழுமா?

தாழாது. 6 மாதம் பயிற்சி செய்தும், காலையில் எட்டும் தாழ்ந்த சுரம் மாலையில் எட்டவில்லை என்கிறீர்கள்; பயிற்சியால் வலுப்பெறுவது குரல்நாண்களை இழுத்தும் தளர்த்தியும் ஆளும் தசைகளே தவிர, அடிப்படைச் சுருதியைத் தீர்மானிக்கும் நாணின் நீளம் அதனால் கூடுவதில்லை.

காலைத் தாழ்வுக்குப் பெரும்பாலும் உறக்கத்தில் நாணின் மேல்சவ்வு சற்றே வீங்குவதே காரணம். கனத்த நாண் மெதுவாக அதிரும். அதைப் பயிற்சியின் பலனாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மாலையில் ஒன்று செய்து பாருங்கள். குவளை நீரில் உறிஞ்சுகுழலின் நுனியை 2 செ.மீ. அமிழ்த்தி, குமிழிகள் சீராக எழும்படி ‘ஊ’ என்று குழல் வழியே குரலை மேலும் கீழும் சில நிமிடம் இழைத்துவிட்டு, அதே சுரத்தைப் பாடுங்கள். எளிதாக வந்தால், தடையாக இருந்தது தொண்டை இறுக்கம்தான்.

சுரத்தை வலிந்து கீழே அழுத்த வேண்டாம். கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால், பயிற்சியை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.