மூட்டைப்பூச்சித் தொல்லை: கேள்விகளும் பதில்களும்

வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் பூச்சி மருந்து அடிக்கும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். மூட்டைப்பூச்சியைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எதைப் படிக்காவிட்டாலும் மாத்திரை பற்றிய இரண்டாவது பதிலை மட்டும் படித்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: காலையில் எழுந்தால் கையில் வரிசையாகத் தடிப்புகள். பக்கத்தில் படுக்கும் கணவருக்கு ஒன்றுமே இல்லை. கொசுவா, மூட்டைப்பூச்சியா?

தடிப்பை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது அம்மா. ஒரே கட்டிலில் ஒருவருக்குத் தடித்து, மற்றவருக்கு எதுவுமே தெரியாமல் போவது சாதாரணம். அவரையும் கடித்துக்கொண்டுதான் இருக்கும். சிலருக்குக் கடிபட்டுச் சில நாட்கள் கழித்துத்தான் தடிப்பே வரும்.

மெத்தையின் ஓரத் தையலை விரல்களால் விரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பேனா முனையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகள் தெரிந்தால், ஒன்றை ஈரத்துணியால் துடையுங்கள். பழுப்பும் சிவப்புமாக இழுகினால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். கூடவே உரித்த தோல்களும், ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். மெத்தையில் இல்லையென்றால் கட்டில் சட்டம் பொருந்தும் மூலைகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், சுவரில் ஆணி அடித்த துளை, மாட்டியிருக்கும் காலண்டரின் பின்புறம், சுவிட்சுப் பெட்டியின் விளிம்பு என்று வரிசையாகப் பாருங்கள்.

மதுரையிலிருந்து ஒருவர்: நெல் மூட்டைக்குப் போடும் மாத்திரையை அறையில் வைத்துப் பூட்டிவிட்டால் ஒரே நாளில் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா ஐயா?

வேண்டவே வேண்டாம். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சுவாயு வெளிவரும். அந்த வாயுவுக்கு முறிவு மருந்து கிடையாது. கதவிடுக்கு, குழாய் போகும் துளை, கூரை இடைவெளி என்று எது கிடைத்தாலும் அதன் வழியே அடுத்த அறைக்கும், அடுத்த வீட்டுக்கும் போய்விடும். மூட்டைப்பூச்சிக்கோ எலிக்கோ வைத்த இந்த மாத்திரையால் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்த செய்திகளை நாம் மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கிறோம். பெற்றோர் பிழைத்து, பிள்ளைகள் மட்டும் போன வீடுகளும் உண்டு. இந்தியாவில் இதைப் பொதுமக்களுக்குச் சில்லறையாக விற்கக் கூடாது என்பதே விதி.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்கள் இருந்தால், எல்லோரும் உடனே வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டாரையும் எழுப்புங்கள். மாத்திரை மீது தண்ணீர் ஊற்றாதீர்கள், வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். யாருக்காவது வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், மூச்சுத்திணறல் என்றால் 108-ஐ அழைத்து, மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் காத்திருந்தால் நேரம் போய்விடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கியிருக்கும் இளைஞர்: கடையில் விற்கும் ஸ்பிரேயைத் தினமும் அடிக்கிறேன். சாகவே மாட்டேன் என்கிறதே அண்ணா?

தம்பி, அந்தக் குப்பிகளில் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற செயற்கைப் பூச்சிக்கொல்லி வகைதான் இருக்கிறது. உலகம் முழுவதும் மூட்டைப்பூச்சிகள் அதற்குப் பழகிவிட்டன. இது அவற்றுக்குப் புதிதல்ல. டி.டி.டி. என்ற பழைய பூச்சிக்கொல்லி வந்த சில ஆண்டுகளிலேயே, 1947-இல், ஹவாய்த் தீவுகளின் பேர்ல் ஹார்பரில் அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டார்கள். ஸ்பிரே நேராக மேலே பட்டால் சில சாகும். மற்றவை மருந்தின் வாடைக்கு விலகி, அடுத்த அறைக்குக் குடிபெயரும். முட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. புகை போல் நிரம்பும் மருந்தும் அப்படித்தான், இடுக்கின் ஆழத்துக்குப் போய்ச் சேராது.

மேன்ஷனில் உங்கள் அறையை மட்டும் சரிசெய்து பயனில்லை. இருபுறத்து அறை, மேல் அறை, கீழ் அறை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும். நிர்வாகியிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்: மருந்தில்லாமல் ஒழிக்க வழி உண்டா?

உண்டு ஐயா. வெப்பம்தான் வழி. 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடு உள்ளே வரை போய்ச் சேர்ந்தால் முட்டையும் சாகும், பூச்சியும் சாகும். நம் பாட்டிமார் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் சாய்த்து, கொதிக்கும் நீரை முடிச்சு முடிச்சாக ஊற்றியது மிகச் சரியான வைத்தியம்.

மரக்கட்டிலானால் கழற்றுங்கள். திருகாணித் துளைகளிலும் சட்டம் சொருகும் பள்ளங்களிலும்தான் குடும்பமே இருக்கும். கழற்றும்போது கீழே வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டால் உதிர்பவை கண்ணுக்குத் தப்பாது. அந்தத் துளைகளிலும் பள்ளங்களிலும் கொதிநீரை ஊற்றுங்கள். பிளைவுட் உப்பிவிடும், அதற்கு நீராவிக் கருவி நல்லது. இரும்புக் கட்டிலில் குழாயின் திறந்த முனைகளை மறந்துவிடாதீர்கள்.

துணிகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வெந்நீர் தாங்காத பருத்தித் துணிக்கு இஸ்திரிப் பெட்டி போதும், தையலோரமாக மெதுவாக இழுங்கள். மெத்தையை வெறும் வெயிலில் போட்டால் பூச்சிகள் நிழல்பக்கம் இறங்கித் தப்பிவிடும். பஞ்சுக்குள்ளும் சூடு ஏறாது. பூச்சி வெளியேறாதபடி கறுப்புப் பாலித்தீன் தாளால் இறுகச் சுற்றி, சித்திரை வைகாசி வெயிலில் நாள் முழுவதும் புரட்டிப் புரட்டிப் போடுவது மேல். அப்போதும் தடித்த மெத்தையின் நடுப்பகுதியை நம்ப முடியாது. தையலில் ஆவி பிடித்து, ஜிப் வைத்த உறையால் முழுதாக மூடிவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்துவதால்தான் பலர் தோற்கிறார்கள். நம் ஊர்ச் சூட்டில் முட்டை ஒரு வாரம், பத்து நாட்களில் பொரிந்துவிடும். குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன் அடுத்த சுற்று நடக்க வேண்டும். வாரம் ஒரு முறை என்று இரண்டு மாதம் விடாமல் செய்யுங்கள்.

வேப்பிலை, நொச்சி, வசம்பு வைத்தால் ஓடிவிடுமா?

வாடை இருக்கும்வரை சற்று விலகி நிற்கும், ஒழியாது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் முன்பு இரவில் தரையில் பீன்ஸ் இலைகளைப் பரப்புவார்கள். இலையின் நுண்ணிய கொக்கி முடிகள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் அள்ளி எரித்துவிடுவார்கள். நம் இலைகளிடம் அந்த வேலையை எதிர்பார்க்க முடியாது. மண்ணெண்ணெய் மட்டும் பூசாதீர்கள், தீப்பிடித்தால் யார் பொறுப்பு?

கரப்பானுக்குப் போடும் போரிக் பவுடர்?

கரப்பான் அதை நக்கித் தின்று சாகிறது. மூட்டைப்பூச்சி ரத்தத்தைத் தவிர வேறெதையும் உண்பதில்லை. வீண் செலவு.

கட்டில் கால்களுக்குக் கீழே கிண்ணம் வைக்கலாமா?

நல்ல யோசனை. ஆனால் வழவழப்பான பிளாஸ்டிக் கிண்ணம் போதும் என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டு வகைக்குப் பொருந்தும். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வெப்பமண்டல வகை, வழுக்கும் சுவரிலும் ஏறிவிடும். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். கட்டில் சுவரைத் தொடக் கூடாது, போர்வை தரையில் தொங்கக் கூடாது.

கோவையிலிருந்து ஒரு தாய்: வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறேன். மாமியார் வீட்டாருக்குத் தெரிந்தால் அவமானம். யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அம்மா, இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பூச்சிக்கு வேண்டியது ரத்தமும் ஓர் இடுக்கும்தான். ரயில் பெர்த், திரையரங்க இருக்கை, பழைய சோபா, விடுதியிலிருந்து வந்த பிள்ளையின் பை, எதிலிருந்தும் வரலாம். நட்சத்திர ஓட்டல்களிலும் பார்த்திருக்கிறேன். மறைத்து வைத்தால்தான் பெருகும். வந்துபோகும் உறவினர்களிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் வீட்டையாவது காப்பாற்றலாம்.

நோய் பரப்புமா?

கொசுவைப் போல நோய் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. சொறிந்து புண்ணாவதும் தூக்கம் கெடுவதும்தான் பெரிய தொல்லை.

வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போனால் பட்டினியில் சாகாதா?

சாகாது. ஒருமுறை வயிறு நிரம்பினால் மாதக்கணக்கில் தாங்கும். உங்கள் பெட்டியோடு ஊருக்கும் வரும்.

கம்பெனிக்காரர்களை அழைத்தால் என்ன கேட்க வேண்டும்?

உரிமம் இருக்கிறதா, என்ன மருந்து, எத்தனை முறை வருவீர்கள் என்று கேளுங்கள். ஒரே முறையில் ஒழிப்பதாகச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறையாவது வர வேண்டும். கைக்குழந்தை இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். தொட்டில் துணியிலும் குழந்தையின் மெத்தையிலும் மருந்தே படக் கூடாது, அங்கே வெந்நீரும் ஆவியும் மட்டும்.

அடிக்கடி ரயிலில் போகிறேன். வீட்டுக்கு வராமல் தடுப்பது எப்படி?

தங்கும் அறையில் பெட்டியைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். முதலில் மெத்தையின் தலைமாட்டு மூலையைத் தூக்கிப் பாருங்கள். வீடு திரும்பியதும் பெட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாமல் குளியலறைத் தரையில் திறந்து, துணிகளை நேராக வெந்நீர் வாளியில் போடுங்கள். காலிப் பெட்டியின் ஜிப் ஓரங்களைத் துடைத்து, கறுப்புப் பாலித்தீனில் கட்டி, ஒரு நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்த பிறகு பரணில் ஏற்றுங்கள்.